கணினிப் பெட்டிக்குள் ஒரு முனகல்



தோட்டத்து ஆலையில் வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இயந்திரம் ஓடும் சத்தம் சற்று மாறினாலே போதும், என்னவோ ஏதோ என்று எழுந்து போய்ப் பார்ப்பார்கள். சீபீல்டு தோட்ட நிலத்தில் 1976-ஆம் ஆண்டு எழத் தொடங்கிய சுபாங் ஜெயா, 2020-இல் மாநகராகிவிட்டது. அங்கே இன்று வீட்டுக்கு வீடு கணினி இருக்கிறது. அதன் பெட்டி 'கர்... கர்...' என்று முனகினால் மட்டும் நாம் ஏன் கேளாதவர்போல் இருந்துவிடுகிறோம்?

பெரும்பாலும் அந்த முனகல் காற்றாடியிலிருந்துதான் வரும். கணினிக்குள் இரண்டு மூன்று காற்றாடிகள் இருக்கலாம். எது சத்தம் போடுகிறது என்று அறிய எளிய வழி உண்டு. நாளிதழைக் குழல்போல் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைப் பெட்டியின் பின்புறம் அங்குமிங்கும் நகர்த்துங்கள். மின்கம்பி வந்து சேரும் இடத்தில் சத்தம் கூடுதலாகக் கேட்டால், அது 'பவர் சப்ளை' காற்றாடி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றவாறு 12 வோல்ட், 5 வோல்ட் என்று குறைத்துக் கொடுப்பது இந்தப் பவர் சப்ளைதான். அந்த வேலையில் பிறக்கும் சூட்டை வெளியேற்றவே காற்றாடி.

காலையில் முடுக்கியதும் உறுமிவிட்டுச் சூடேறியதும் சத்தம் அடங்கினால், பேரிங்கில் எண்ணெய் வற்றிவிட்டது என்று கொள்ளலாம். நம் நாட்டு வெப்பமும் தூசியும் அதை விரைவுபடுத்துகின்றன. காற்றாடி நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் சூட்டில் உலர்ந்து கெடும். பத்து பாகை வெப்பம் கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு.

"சரி, திருப்புளியை எடுத்துக் கழற்றிவிட வேண்டியதுதானே?" என்று உங்கள் மகன் கேட்பான். அங்கேதான், வாசகர்களே, நீங்கள் குறுக்கே நிற்க வேண்டும்! அந்த மின்தேக்கிகளில் சுமார் 325 வோல்ட் மின்சாரம் தேங்கியிருக்கும். சுவிட்சை அணைத்து, கம்பியைப் பிடுங்கிய பிறகும் அது உடனே போய்விடாது. அதை வடித்துவிட வேண்டிய பாகம் பழுதாகியிருந்தால் நெடுநேரம் அப்படியே இருக்கும். கை பட்டால் உயிருக்கே ஆபத்து. நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடலாமே என்ற யோசனையும் வேண்டாம். அது பிசுபிசுத்துத் தூசியைச் சேர்த்துக்கொள்ளும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது இதுதான். கணினியை அணைத்துக் கம்பியைப் பிடுங்குங்கள். பெட்டியை வெளியே எடுத்துச் சென்று, பின்புறக் கம்பிவலையில் படிந்த தூசியை உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். வலைக்குள் எதையும் நுழைக்காதீர்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், காற்று போக ஒரு சாண் இடம் விடுங்கள். அப்படியும் சத்தம் நிற்கவில்லை என்றால் மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

அவரிடம் விவரம் தெரிந்து பேசுவது நல்லது. காற்றாடியின் அளவு 80 மில்லிமீட்டரா, 120 மில்லிமீட்டரா என்று கேளுங்கள். கனமும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். 12 வோல்ட்தானா என்று பார்க்கச் சொல்லுங்கள். சட்டத்தில் அம்புக்குறி போட்டிருக்கும். பழைய காற்றாடி எந்தப் பக்கம் காற்றைத் தள்ளியதோ, புதியதும் அந்தப் பக்கமே தள்ள வேண்டும். மாற்றிப் பூட்டினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். சத்தமே வராத காற்றாடி என்று ஆசைப்பட்டு, காற்றுக் குறைவானதை வாங்கிவிடாதீர்கள்.

பவர் சப்ளை உத்தரவாதக் காலத்தில் இருந்தால், திறக்காமல் வாங்கிய கடையிலேயே கொடுங்கள். முத்திரை கிழிந்தால் உத்தரவாதம் போய்விடக்கூடும். பல ஆண்டு உழைத்துக் களைத்த பெட்டி என்றால், காற்றாடியை மட்டும் மாற்றுவதைவிடப் பவர் சப்ளை முழுவதையும் மாற்றுவதே மேல். முழுப் பெட்டியை மாற்றும்போது அதைத் திறக்க வேண்டியதே இல்லை. கோலாலம்பூர் லோ யாட் பிளாசா போன்ற இடங்களில் இதற்கான கடைகள் பல உண்டு.

சில வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய்ப் பிள்ளையின் கையைப் பணயம் வைக்கலாமா? இன்றிரவு தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, ஒரு நிமிடம் உங்கள் வீட்டுக் கணினிக்குக் காது கொடுங்கள். முனகல் கேட்டால் காற்றாடி நிற்கும்வரை காத்திருக்காதீர்கள்.