செயின் இருக்கா சார்?

"செயின் ஹை க்யா?"

டங்மார்க்கில் போலீஸ்காரர் எங்கள் டிரைவரைக் கேட்டார். பின் சீட்டிலிருந்த நண்பன் திடுக்கிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டான். பாவம், அவனோட மைனர் செயின் இந்த டூருக்காகத்தான் சேட்டுக் கடைக்குப் போயிருந்தது!

அவர் கேட்டது டயரில் மாட்டும் சங்கிலியை. ஸ்ரீநகர் ஏர்போர்ட்டிலிருந்து குல்மார்க் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். டங்மார்க் வரை சமாளித்துவிடலாம். கடைசி 13 கிலோமீட்டர் மலையேற்றம். பனி கொட்டிவிட்டால் சங்கிலி மாட்டிய வண்டி, இல்லாவிட்டால் நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப். மற்றதெல்லாம் அங்கேயே ஓரங்கட்ட வேண்டியதுதான். பெட்டி படுக்கையோடு உள்ளூர் வண்டிக்கு மாறினோம். அதற்குத் தனிக் காசு!

"குல்மார்க் ஓட்டல் வாசல் வரைக்கும்" என்றுதான் ஏஜென்ட் ரசீது கொடுத்திருந்தார். ரசீதில் பனி பெய்யவில்லையே! ஆகவே புக் பண்ணும்போதே, "டங்மார்க்குக்கு மேலே யார் வண்டி, யார் காசு?" என்று கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். பி.காம். படித்த நானே கோட்டை விட்டேன்.

இன்னொரு கூத்து. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் மூச்சு விடாது. போஸ்ட்பெய்டு மட்டும்தான். டிரைவர் நம்பர் செத்துப்போன போனுக்குள் இருந்தால் என்ன பிரயோஜனம்? பேப்பரில் எழுதிப் பாக்கெட்டில் வையுங்கள்.

போனதைவிடத் திரும்பியதுதான் பெரிய கதை. டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாள் அங்கே 'சில்லை கலான்', கடுங்குளிர்க் காலம். நாங்கள் போனது ஜனவரிக் கடைசி. ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் நண்பனுக்கு நிச்சயதார்த்தம். சனி மதியம் ஃப்ளைட். வெள்ளி சாயங்காலமே ஓட்டல்காரர், "பனி வரும்போல இருக்கு, இப்பவே ஸ்ரீநகர் இறங்கிடுங்க" என்றார். ரூமுக்குக் காசு கட்டியாச்சே! தங்கிவிட்டோம்.

காலை ஆறு மணிக்கு வண்டி வந்தது. முழங்கால் உயரத்துக்குப் பனியும் வந்திருந்தது. பனி அள்ளும் மெஷின் ரோட்டைத் திறக்கும்போது மணி பத்தரை. ஏர்போர்ட்டிலோ டெர்மினலுக்கு ரொம்ப முன்னாலேயே நிறுத்தி, மூட்டை முடிச்சையெல்லாம் இறக்கி ஸ்கேன் பண்ணுவார்கள். உள்ளே மறுபடியும் சோதனை. ஓடிப்போய்ப் பார்த்தால்... வானம் பளிச். விமானம் டாணென்று கிளம்பிப் போயிருந்தது!

இப்போதாவது 2025 ஜூனிலிருந்து ஸ்ரீநகர் - கட்ரா வந்தே பாரத் ஓடுகிறது. அன்றைக்கு அதுவும் கிடையாது. குல்மார்க் போகிறவர்கள் கடைசி ராத்திரியை ஸ்ரீநகரில் கழியுங்கள். ரூம் வாடகை கூடினாலும் டிக்கெட் மிஞ்சும்.

நண்பன் டிரைவர் போனை வாங்கி வருங்கால மாமனாருக்குப் பேசினான்.

"மாமா... இங்கே ஒரே பனி..."

"இங்கே ஃபேன் போட்டும் வேர்க்குது மாப்ளே. நீங்க வராட்டியும் பரவாயில்லை, பெரியவங்க தட்டு மாத்திக்கிறோம். மோதிரம் மட்டும் யார்கிட்ட இருக்கு?"

அது அவன் சூட்கேஸில், எங்கள் காலடியில் இருந்தது.