அழிவின் பின் எஞ்சும் நிலம்: கற்பனைத் தேசப்படம் வரையும் முறை

தேசப்படம் உள்ள நிலத்தைக் காட்டுவது. எனினும், இல்லாத நிலத்தைக் காட்டும் தேசப்படங்களும் இலக்கிய உலகில் உள. அவற்றுள்ளும், பேரழிவொன்றின் பின்னர் உலகு எவ்வாறு காட்சியளிக்கும் என்பதைச் சித்திரமாக அமைக்கும் படம் தனிவகையினது. அது காட்டுவது முற்றிலும் புதிய நிலமன்று. அறிந்த நிலமே அறியமுடியாதவாறு மாறி நிற்பது. ஆதலின் அதனை வரைவோனுக்குக் கற்பனை மாத்திரம் போதாது. புவியியலறிவும் மொழியறிவும் வேண்டும்.

கற்பனை நிலமாயினும் அளவு பிழைத்தலாகாது என்பதற்கு ரொபேட் லூயி ஸ்ரீவன்சனின் 'புதையற்றீவு' சான்றாகும். 1881ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்தின் பிறேமார் என்னும் ஊரில் அவர் ஒரு தீவின் படத்தை வரைந்து வண்ணந் தீட்டினார். கதை அப்படத்திலிருந்தே பிறந்தது. பின்னர் நூல் உருவாகும் வேளையிற் படம் காணாமற்போயிற்று. கதையிலுள்ள குறிப்புகளை ஒவ்வொன்றாகத் தொகுத்து, கவராயங் கொண்டு அளந்து, அவற்றுக்கிசையப் புதுப்படமொன்று அமைக்க வேண்டியதாயிற்று. படத்திலிருந்து கதையைப் பெறுதல் எளிது. கதையிலிருந்து படத்தைப் பெறுதல் அரிது என்பதை அவர் பட்டறிந்தார்.

அழிவுற்ற நிலத்தின் படத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, ரசல் ஹோபன் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட 'றிட்லி வோக்கர்' என்னும் நாவலில் உள்ளது. ஹோபன் (1925–2011) அமெரிக்காவிற் பிறந்து, 1969 முதல் இலண்டனில் வாழ்ந்தவர். எழுத்தாளராகுமுன் நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் சித்திரந் தீட்டியவர். 1974இல் கன்ரபரிப் பேராலயத்துச் சுவரோவியமொன்றைக் கண்டமையே இந்நாவலுக்கு வித்தாயிற்று. அணுப்போரினால் நாகரிகம் அழிந்து ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற் கழிந்தபின், தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ற் பிரதேசம் இருக்கும் நிலையே கதையின் களம். அப்படத்தைத் துணைக்கொண்டு, இவ்வகைப் படம் அமைக்கும் முறையை நான்கு படிகளாக வகுத்துக் காட்டலாம்.

முதலாவது, அழிவின் காரணத்தைத் துணிதல். போர், வெள்ளம், வறட்சி ஆகிய ஒவ்வொன்றும் நிலத்திலே வெவ்வேறு வடுவை விடும். கடல் பெருகியதாகக் கொள்ளின், புதிய கரையை விருப்பப்படி வளைத்தல் தகாது. கிறீன்லாந்து, அந்தாட்டிக்கா ஆகியவற்றின் பனிக்கட்டி முழுவதும் உருகின் கடல் ஏறத்தாழ 65 மீற்றர் உயரும். எனவே இடவிளக்கப்படத்தில் அவ்வுயரத்துச் சமவுயரக்கோட்டைத் தொடர்ந்து செல்லின் புதிய கரை தானே புலப்படும், பள்ளத்தாக்குகள் குடாக்களாகும், குன்றுகள் தீவுகளாகும். ஹோபனின் படத்தில் கென்றின் வடகிழக்கு மூலையான தானெற் தீவாகி நிற்கின்றது. இது வெறும் புனைவன்று. உரோமர் காலத்தில் அது தீவாகவே இருந்தது. வன்ற்சம் என்னும் நீரோடை அதனைப் பெருநிலத்தினின்று பிரித்தது. அந்நீரோடையின் இரு வாயில்களிலும் உரோமர் கட்டிய றெக்கல்வர், றிச்பறோ என்னுங் கோட்டைகளின் சிதைவுகள் இன்றும் உள. பண்டு நீர் சென்ற வழியே அது மீண்டுஞ் செல்லும் என்பது ஈண்டு அமைந்த நுட்பமாகும்.

இரண்டாவது, கழிந்த காலத்தைத் துணிதல். 20 ஆண்டு கழியின் வீதியும் பாலமும் எஞ்சும். வீதியின் வெடிப்புகளில் மரம் முளைத்திருக்கும். 2,000 ஆண்டு கழியின் கட்டடங்களுட் பெரும்பாலன மண்மேடாகும். குன்றுத்தொடர்களே பெரிதும் மாறாதிருக்கும். ஆயினும் ஊர்கள் முன்னிருந்த இடங்களிற் பலவற்றில் மீண்டும் அமையும். நன்னீரும், ஆற்றைக் கடக்குந் துறையும், காற்றுக்கு மறைவான குடாவும் அவ்விடங்களில் இருப்பதே அதற்குக் காரணம்.

மூன்றாவது, பெயரிடுதல். கட்டடத்தினும் பெயர் நெடிது வாழும். எழுத்தறிவு குன்றிய மக்களின் நாவிலே அது தேயும். தேய்ந்தபின் அதற்குப் புதுப்பொருள் கற்பிக்கப்படும். ஹோபனின் படத்தில் கன்ரபரி 'கேம்பிறி' ஆகின்றது. சான்விச், 'சாமின் தினவு' எனப் பொருள்படும் 'சாம்ஸ் இற்ச்' ஆகின்றது. டோவர், 'மீண்டுஞ் செய்' எனப் பொருள்படும் 'டூ இற் ஓவர்' ஆகின்றது. வெடிமருந்தை மீண்டுங் கண்டுபிடிக்கும் முயற்சி அந்நாவலின் கதையாதலின், நகைப்பை விளைக்கும் இவ்வூர்ப்பெயர் எச்சரிக்கையாகவும் ஒலிக்கின்றது.

நான்காவது, படத்தை வரைந்தவன் யாவன் எனத் துணிதல். அழிவின் பின் வாழ்பவன் வரைந்ததாயின், அதில் அகலக்கோடும் நெடுங்கோடும் இரா. அளவுத்திட்டம் மைலாலன்றி நடைநாளால் அமையும். மலை, மேலிருந்து நோக்கியவாறன்றிப் பக்கத்தே நின்று கண்டவாறு தீட்டப்படும். அவன் செல்லாத நிலம் வெறுமையாக விடப்படும். நன்னீருக்கும் நச்சுநிலத்துக்கும் தெளிவான குறியீடுகள் வேண்டும். அவன் உயிர் அவற்றையே சார்ந்ததாதலின், அலங்காரம் அவற்றை மறைத்தலாகாது.

இத்துணைக் கவனத்துடன் வரைந்த படத்துக்கு ஓர் ஆபத்தும் உண்டு: அது மெய்யென நம்பப்படலாம். மடகாஸ்கரில் வாழும் லெமூர் இனத்தின் உறவினம் இந்தியாவிலுங் காணப்படுவதை விளக்குதற்கு, 1864இல் பிலிப் ஸ்கிளேற்றர் என்னும் விலங்கியலறிஞர் கடலில் மூழ்கிய நிலமொன்றைக் கருதி 'இலெமூரியா' எனப் பெயரிட்டார். 1904இல் ஸ்கொற் எலியற் அதற்கு விரிவான தேசப்படங்கள் வெளியிட்டார். கடல்கொண்ட பாண்டிநாடு பற்றி இறையனார் களவியலுரையும் அடியார்க்குநல்லாருரையும் கூறுஞ் செய்தி பின்னர் இதனோடு இணைக்கப்பட்டு, 20ஆம் நூற்றாண்டிற் குமரிக்கண்டப் படங்கள் எழுந்தன. அடியார்க்குநல்லார் 49 நாடுகளைக் கூறினார். எனினும் கரையின் வளைவை அவர் கூறவில்லை. அதனை வரைந்தது பிற்காலத்தார் கையே. 1960களில் நிலைபெற்ற புவித்தகட்டியல், மூழ்கிய கண்டமொன்றின் தேவையை நீக்கிவிட்டது. மெய்யாக மூழ்கிய நிலமும் உண்டு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதினும் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. ஆழங்குறைந்த பாக்குநீரிணை அன்று தரையாகி, இலங்கையையும் இந்தியாவையும் இணைத்தது. இதனை வரைதற்குக் கடலின் ஆழ அளவுகளே சான்றாக உள.

அளந்த கோடும் புனைந்த கோடும் ஒரே மையால் வரையப்படுவன. பார்ப்போன் கண்ணுக்கு அவை ஒரு தன்மையவே. ஆகவே இத்தகைய படத்தை வரையும் மாணவர், இது கற்பனை என்பதைப் படத்தின் ஒரு மூலையிலே தெளிவாகப் பொறித்தல் கடன். அதனாற் கலை குன்றுவதில்லை. காண்போரின் அறிவும் மயங்குவதில்லை.