படம் எப்படி? ஏன் அப்படி?

சினிமாவைப் பற்றிக் கருத்துச் சொல்லாத தமிழரைப் பார்ப்பது அரிது. அரசியல் என்றால் வாய் திறக்கத் தயங்குகிறவர்கூட, "படம் எப்படி?" என்று கேட்டால் தயங்க மாட்டார். பத்திரிகைகள் மதிப்பெண் போடுவதற்கு முன்பே நம் வீட்டுக் கூடங்களில் தீர்ப்பு எழுதப்பட்டு விடுகிறது. இதையெல்லாம் வெறும் அரட்டை என்று நாம் ஒதுக்கி விடுகிறோம். ஆனால் நான் பிறந்து வளர்ந்த பெருமாட்டிப் பக்கத்தை நினைத்துப் பார்க்கும்போது, அந்த அரட்டைதான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம் என்று தோன்றுகிறது. அந்தப் பள்ளிக்கூடம் மெல்ல மெல்ல மூடப்பட்டு வருகிறதே என்பதுதான் என் கவலை.

பெருமாட்டி, பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் தாலுகாவைச் சேர்ந்த ஊராட்சி. நிலத்தடி நீரைக் காக்க ஒரு குளிர்பான ஆலைக்கு எதிராக 2002இல் போராட்டம் தொடங்கியதே, அந்தப் பிளாச்சிமடை எங்கள் ஊராட்சியில்தான் இருக்கிறது என்றால் பலருக்கு விளங்கும். மீனாட்சிபுரம் தாண்டினால் தமிழ்நாடு, பிறகு பொள்ளாச்சி. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி கேரள மாநிலம் அமைந்தபோது நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். கோடு எங்களுக்குக் கிழக்கே இருந்தது. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும் என்று வாழ்கிற குடும்பங்கள் அங்கே ஏராளம். தமிழ் வழியில் கற்பிக்கும் பள்ளிகள் உண்டு. ஆனாலும் பிள்ளைகளில் பலர் மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ படிக்கிறார்கள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகள்கூடத் தமிழ்ப் படத்தை விடாமல் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் பேசுவார்கள். அந்தப் பேச்சு தமிழில் நடந்தது.

சினிமா எங்களுக்கு அந்நியச் சரக்கும் அல்ல. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் 1928இல் பிறந்த எலப்புள்ளி பாலக்காட்டுப் பக்கம்தான். பாடகி பி. லீலா 1934இல் சித்தூரில் பிறந்தவர். எம்.ஜி.ஆரின் பூர்வீக வீடு பக்கத்து வடவன்னூரில் இருக்கிறது. 2019இல் அதை நினைவு இல்லமாக்கித் திறந்தார்கள். அவ்வளவு ஏன், மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் வெளிவந்தபோது, அதைத் தயாரித்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். ஆகவே தமிழ்ப் படமா, மலையாளப் படமா என்பது எங்கள் ஊரில் சண்டைக்குரிய விஷயம் அல்ல. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுவதற்குரிய விஷயம்.

ஆன்டெனா காலம்

சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து மலையாள நிகழ்ச்சிகள் 1985 ஜனவரியில் வரத் தொடங்கின. எங்கள் ஓட்டு வீட்டின் மேலே நின்ற ஆன்டெனாவுக்கு இரண்டு திசைகள் தெரியும். கொடைக்கானல் பக்கம் திருப்பினால் புள்ளி புள்ளியாகத் தமிழ். மேற்கே திருப்பினால் மலையாளம். ஒருவர் மேலே ஏறித் திருப்ப, ஒருவர் வாசலில் நின்று கூவ, ஒருவர் உள்ளே திரையைப் பார்த்துச் சொல்ல, மூன்று பேர் ஒத்துழைத்தால்தான் படம் தெரியும். இவ்வளவு பாடுபட்டுப் பார்த்த படத்தைப் பற்றிப் பேசாமல் படுக்க யாருக்கு மனம் வரும்?

விசேஷ நாட்களில் வீடியோ டெக்கும் கேசட்டும் வாடகைக்கு வரும். ஒரே ராத்திரியில் மூன்று படங்கள். பிறகு 1993 வந்தது. ஏப்ரலில் சன் டி.வி., ஆகஸ்டில் ஏசியாநெட். கேபிள் வந்ததும் ஆன்டெனா காக்கைகளுக்கு உட்காரும் இடமாயிற்று.

வீட்டில் படம் பார்ப்பதன் முதல் லாபம் பெண்களுக்குத்தான் கிடைத்தது என்பேன். எங்கள் வீட்டுப் பெண்கள் கொட்டகைக்குப் போவது வருஷத்தில் ஒன்றிரண்டு தரம். அங்கே வாய் திறந்து பேசவும் முடியாது. வீட்டிலோ அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே படம் பார்க்கலாம், பார்த்துக்கொண்டே பேசலாம்.

என் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் அவர் சொல்லும் அபிப்பிராயத்துக்குப் பின்னால் ஒரு காரணம் இல்லாமல் இருக்காது. ஒரு சோகப் படத்தில் கதாநாயகி கதறிக் கதறி அழுதாள். பார்த்தவர்கள் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. அம்மாயி மட்டும், "வீட்டுல கஞ்சிக்கு இல்லீன்னு அழுகறா. காதுல கெடக்கற கம்மல அடகு வெச்சா ஒரு மாசத்துக்கு அரிசி வாங்கலாமல்லோ?" என்றார். அத்தோடு எங்கள் அழுகை நின்றது. காரணம் சொன்னால் சபை அடங்கும் என்பதை நாங்கள் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

மாறிய குரல், மாறாத நாக்கு

1993 டிசம்பரில் வெளிவந்தது 'மணிச்சித்திரத்தாழ்'. ஃபாசில் இயக்கிய மலையாளப் படம். பெரும்பகுதி எடுக்கப்பட்ட இடங்களில் ஒன்று பத்மநாபபுரம் அரண்மனை. அது தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. பராமரிப்பதோ கேரள அரசு. கதையில் வரும் நாகவல்லி தஞ்சாவூர் நாட்டியக்காரி. அவள் தமிழில்தான் பேசுவாள். படத்தின் புகழ்பெற்ற நாட்டியப் பாட்டில் மலையாள வரிகளை பிச்சு திருமலையும் தமிழ் வரிகளை வாலியும் எழுதினார்கள். கங்காவாகவும் நாகவல்லியாகவும் நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. இப்படி ஒரு படம் எங்கள் வீட்டுக்கென்றே எடுத்தது போல வந்தால் சும்மா விடுவோமா? கேசட்டை எடுத்து வந்து இரண்டு தரம் பார்த்தோம்.

நாகவல்லி பேசத் தொடங்கியதும் அம்மாயி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது அந்தப் புள்ளையோட கொரல் இல்ல. மலையாளம் பேசினது ஒருத்தி. தமிழ் பேசறது வேறொருத்தி."

"ஏம்மா, பேய் புடிச்சா கொரல் மாறாதா?" என்றார் மாமா.

"கொரல் மாறுன்டா. நாக்கு எப்படி மாறும்? மலையாளத்துக்காரி தமிழ் பேசினா கொஞ்சம் மூக்குல இழுக்கும். இவகிட்ட அது இல்லியே!"

கேசட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டிக் கேட்டோம். விடிந்தால் டெக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று மாமா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று தீர்ப்பு ஏதும் ஆகவில்லை. 2016ஆம் ஆண்டில் ஃபாசிலே உண்மையை எழுதினார்: கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்கியலட்சுமி, நாகவல்லியின் தமிழ்க் குரல் துர்கா என்ற தமிழ்க் கலைஞருடையது. இருபத்திரண்டு ஆண்டுகள் கேரளமே ஒருவர் குரல் என்று நினைத்திருந்ததை, வெங்காயம் உரித்தபடி ஒரு கிழவி கண்டுபிடித்திருந்தார். செய்தி வந்தபோது அம்மாயி இல்லை.

அதே கதை 2005இல் 'சந்திரமுகி'யாகத் தமிழுக்கு வந்தபோது நாட்டியக்காரி தெலுங்கு பேசினாள். "மலையாளப் படத்துல தமிழ், தமிழ்ப் படத்துல தெலுங்கு. பேய்க்கு எப்பவும் அடுத்த ஸ்டேட் பாஷைதான் வரும்போல!" என்று சித்தப்பா சொன்னது எங்கள் வீட்டில் பழமொழியாகவே ஆகிவிட்டது.

இடுக்கி மாவட்டத்து ராஜாக்காட்டில் கேபிள் டி.வி. நடத்தும் ஒருவர், ராத்திரியெல்லாம் பார்த்த படங்களின் அறிவைக் கொண்டு தன் குடும்பத்தைக் காப்பாற்றுவதுதான் 2013இல் வந்த 'திருஷ்யம்'. அதை ஜீத்து ஜோசப்பே 2015இல் 'பாபநாசம்' என்று தமிழில் எடுத்தார்; ஜெயமோகன் வசனத்தில் கதை திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சுக்கு மாறியது. மோகன்லால் அடக்கி வைத்ததைக் கமல் அழுது கொட்டிவிட்டார் என்று இளைஞர்கள் குறை சொன்னார்கள். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம பக்கம் ஒரு அப்பன் அழுகாம மன்னிப்புக் கேட்டா, அது மன்னிப்புன்னு யாரு நம்புவாங்க?" என்றார். ஒரே கதை எல்லை தாண்டும்போது ஏன் மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

கைக்குள் ஒரு கொட்டகை

2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் கொட்டகைகள் மூடப்பட்டன. மே மாதம் 'பொன்மகள் வந்தாள்', ஜூலையில் 'சூஃபியும் சுஜாதயும்' என்று புதுப்படங்கள் நேராக வீட்டுக்கே வந்தன. ஆன்டெனா திருப்பிய தலைமுறைக்கு இது சொர்க்கம் அல்லவா? ஆனால் அடுத்த முறை ஊருக்குப் போனபோது நான் கண்டது வேறு. ஒரே கூடத்தில் ஐந்து பேர், ஐந்து கைப்பேசி, ஐந்து படம், பத்துக் காதுகளிலும் அடைப்பு. படம் முடிந்தவரைப் பார்த்து "எப்படி?" என்றால், "அடிபொளி" என்று ஒரு சொல். இன்னொரு பிள்ளை "வேற லெவல்" என்றது. மூன்றாவது "மொக்க" என்றது. ஏன் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறார்கள்.

அந்த ஒற்றைச் சொற்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒவ்வொரு காலத்துக்கும் அதன் கொச்சை உண்டு. எங்கள் காலத்திலும் மலையாளக் 'கொள்ளாம்' தாராளமாகப் புழங்கியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "நல்லா இருக்கு" என்று சொல்ல ஒரு குழந்தைக்கு மொழியே வேண்டாம். கட்டைவிரலைத் தூக்கினால் போதும். "ஏன்" என்று சொல்ல முயலும்போதுதான் 'ஆனாலும்', 'இருந்தாலும்', 'அதனாலதான்', 'அப்படியிருக்க', 'இல்லாட்டி' எல்லாம் வேண்டியிருக்கிறது. இவைதான் மொழியின் மூட்டுகள். பெயர்ச்சொற்களை எந்த மொழியிலிருந்தும் கடன் வாங்கலாம். மூட்டுகளைக் கடன் வாங்கினால் பிறகு நடப்பது தமிழாக இருக்காது. எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு இந்த மூட்டுகள் பழகும் இடம் வீட்டு வாக்குவாதம் ஒன்றுதான்.

பேச்சில் மொழி மட்டுமா இருக்கிறது? 2021 ஜனவரியில் வந்த 'த கிரேட் இந்தியன் கிச்சன்' படத்தை ஒரு விடுமுறையில் எல்லோரையும் ஒரே திரைக்கு முன்னால் உட்கார வைத்துப் பார்த்தோம். முடிந்ததும் ஆண்கள் பக்கம் பேச்சில்லை. அத்தைதான் தொடங்கினார். "படம் பூரா ஒரு கொழாய் ஒழுகுது. அதச் சரிபண்ண ஒரு ஆளக் கூப்பிட அந்த வீட்டுல ஆம்பளைக்கு நேரமில்ல. மீதிக் கதையெல்லாம் அந்தக் கொழாய்க்குள்ளதான் இருக்கு." மாமா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததும் ஒரு விமர்சனம்தான் என்று அத்தை பிற்பாடு சொன்னார். அத்தை தன் வீட்டைப் பற்றி நாற்பது ஆண்டுகளாகச் சொல்லாத ஒன்றை, யாரோ ஒருத்தியின் அடுக்களையைச் சாக்கிட்டுச் சொல்லிவிட்டார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. காதில் அடைப்போடு தனித்தனியே பார்த்திருந்தால் அந்த வாக்கியம் பிறந்தே இருக்காது.

அதேபோல 2023 ஜனவரியில் திரைக்கு வந்த 'நண்பகல் நேரத்து மயக்கம்'. வேளாங்கண்ணி போய்த் திரும்பும் ஒரு மலையாளி, பகல் தூக்கத்திலிருந்து எழுந்து, ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் சுந்தரம் என்ற மனிதராகவே நடந்து போகிறார். அந்த வீட்டில் கண் தெரியாத ஒரு தாய், தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பழைய படங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். படம் புரியவில்லை என்று பெரியவர்கள் சொன்னபோது, மலையாள வழியில் பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் வாய் திறந்தான். "இதுல என்ன புரியாம இருக்கு? நாம மீனாட்சிபுரம் தாண்டுனா வேற ஆளாப் பேசறோம், திரும்பி வந்தா வேற ஆளாப் பேசறோம். ஆனாலும் ரெண்டும் நாமதான? அவரு அதையே கொஞ்சம் அதிகமாப் பண்றாரு. அதனாலதான் அந்த ஊர்க்காரங்களுக்குக் கோவம் வந்தாலும் அடிக்க மனசு வரல." தமிழில் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத பையன். எத்தனை மூட்டுகள் பாருங்கள்!

எல்லையோரத்துக்குச் சொன்னது கடல் தாண்டியும் மாநிலம் தாண்டியும் வாழும் நமக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். பெருமாட்டிப் பிள்ளைக்குப் பேருந்தில் ஏறினால் தமிழ் காதில் விழும். நம் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ஞாயிறு தமிழ் வகுப்புக்கு வர அழும் பிள்ளையும் படம் என்றால் ஓடி வரும். எனவே நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. மாதம் ஒரு முறை, யாராவது ஓர் உறுப்பினர் வீட்டுக் கூடத்தில், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு படம் பார்ப்போம். பெரிய மண்டபம் வேண்டாம். சிறப்பு விருந்தினர் வேண்டாம். பொன்னாடை அறவே வேண்டாம். கைப்பேசிகள் ஒரு கூடையில் இருக்கட்டும். படம் முடிந்ததும் டிபன் வரட்டும், கூடவே பேச்சும் வரட்டும். விதி ஒன்றே ஒன்று: சிறியவர் முதலில் பேச வேண்டும், சொல்லும் கருத்து எதுவானாலும் அதற்கு ஒரு காரணம் தமிழில் சொல்ல வேண்டும். தப்பும் தவறுமாகச் சொன்னால் பெரியவர்கள் இடையில் புகுந்து இலக்கணம் திருத்தக் கூடாது. மாறாகக் கருத்தை மறுக்கலாம்; மறுத்தால்தான் அடுத்த வாக்கியம் வரும்.

படம் பிடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகட்டும் நம் பிள்ளைகள்.