குணமாக்குகிறதா? ரப்பியும் கேட்கும் கேள்வி

ஜெருசலேமிலோ நியூயார்க்கின் புரூக்ளினிலோ பக்தியுள்ள யூதக் குடும்பத்தில் ஒருவருக்கு நோய் முற்றினால், மருத்துவரோடு, மதகுருவான ரப்பியிடமும் யோசனை கேட்பார்கள். அதற்குள் ஆளுக்கொரு வழி சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ரெய்கி கற்றவர் கைவைத்து ஆற்றலைச் செலுத்துவதாகச் சொல்வார். மஞ்சள் காமாலைக்குத் தொப்புள்மேல் புறாவை வைத்தால் அது நோயை இழுத்துக்கொண்டு செத்துவிடும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. இதெல்லாம் நம் மதத்துக்கு ஆகுமா என்று குடும்பம் தவிக்கும். நியாயமான தவிப்புதான். ஆனால் யூத மரபு அதனுடன் சேர்த்தே இன்னொன்றையும் கேட்கிறது: இது குணமாக்குகிறதா?

யூதர்களின் வேதமான தோரா சூனியத்தையும் குறிசொல்லுதலையும் தடுக்கிறது. அப்படியானால் நாட்டு வைத்தியம் முழுக்கத் தடையா? குணம் தருவது எதுவும் விலக்கப்பட்ட புறச்சமய வழக்கம் ஆகாது என்று, யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத்தின் அறிஞர்கள் அபாயேயும் ராவாவும் சொன்னார்கள். வெறிநாய் கடித்தவருக்கு அந்த நாயின் ஈரலையே தின்னக் கொடுக்கலாமா என்ற விவாதம் தல்மூத்தின் அடிப்படை நூலான மிஷ்னாவில் வருகிறது. கூடாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. எகிப்தில் வாழ்ந்த ரப்பியும் அரசவை வைத்தியருமான மைமோனிடீஸ் (1138-1204) அதற்குக் காரணம் சொன்னார்: அறிவாலும் அனுபவத்தாலும் உறுதிப்பட்ட மருந்துக்காக மட்டுமே மத விலக்கை மீறலாம். காயத்தின்மேல் தோரா வசனத்தை மந்திரம்போல் ஓதுவதையும் அவர் கடுமையாகக் கண்டித்தார். ஆன்மாவுக்கான சொற்களை உடலுக்கு மருந்தாக்குவது பெரும் பிழை என்றார். நோயாளிக்காக வேண்டிக்கொள்வதை அவர் குறை சொல்லவில்லை.

இந்தத் தீர்ப்பு இன்றும் அன்றாடத்தைத் தொடுகிறது. உயிருக்கு ஆபத்தென்றால், வாராந்தர ஓய்வு நாளான சபத்திலும் வண்டி ஓட்டலாம், ஓட்டியே ஆகவேண்டும். ஆனால் சிறு உபாதைக்கு அன்று மருந்து உட்கொள்வதற்கே கட்டுப்பாடு உண்டு. மருந்து அரைக்க நேரிடும் என்ற அச்சம்தான் காரணம். ஆகவே பலன் உறுதியாகாத கஷாயத்துக்காக சபத்தை மீற முடியாது. மாத்திரை உறையில் பன்றி ஜெலட்டின் இருக்கிறதா, புளித்த தானியம் விலக்கப்படும் பஸ்கா பண்டிகையின்போது விழுங்கும் பொடியில் கோதுமை மாவு கலந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அக்குபஞ்சர் ஊசிக்கு இந்தச் சிக்கல் குறைவு. 1922-இல் ஜப்பானில் மிகாவோ உசுயி தொடங்கிய ரெய்கியில்தான் கருத்து பிரிகிறது: அதன் குறியீடுகளில் அந்நிய வழிபாட்டைக் காணும் ரப்பிகள் உண்டு, வெறும் ஓய்வுப் பயிற்சியாக ஏற்பவர்களும் உண்டு.

மதப் பழியைவிட அஞ்ச வேண்டியது காலதாமதம். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வேறு உறுப்புகளுக்குப் பரவாத புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டுமே நம்பிய 281 பேரைக் கவனித்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்களின் மரண அபாயம் சுமார் இரண்டரை மடங்கு. மூலிகைதானே என்று மருத்துவரிடம் மறைப்பதும் ஆபத்து. மனச்சோர்வுக்கு விற்கப்படும் செயிண்ட் ஜான்ஸ் வோர்ட், சில மருந்துகளை உடல் வேகமாகச் சிதைக்கச் செய்கிறது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர் உறுப்பு நிராகரிப்பைத் தடுக்க விழுங்கும் சைக்ளோஸ்போரினின் வீரியம் அதனால் குறைந்து, உறுப்பே நிராகரிக்கப்படலாம்.

இஸ்ரேலில் நோயாளியின் கையில் சட்டம் இருக்கிறது. 1996-ஆம் ஆண்டு நோயாளர் உரிமைச் சட்டப்படி, அபாயங்களைக் கேட்டறிந்த பிறகே சிகிச்சைக்குச் சம்மதம் தரலாம். வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கலாம். மருத்துவக் குறிப்புகளின் நகலைப் பெறலாம். ஒவ்வொரு மருத்துவ நிறுவனமும் நோயாளர் உரிமைக்கென ஒருவரை நியமிக்க வேண்டும். புகாரை அவரிடமிருந்தே தொடங்கலாம். க்ளாலித், மக்காபி போன்ற சுகாதார நிதியங்கள் துணைக் காப்பீட்டின் வழியே அக்குபஞ்சர் முதலியவற்றைத் தருகின்றன. தனியாகத் தொழில் செய்பவரிடம் போவதைவிட அங்கே போவது பாதுகாப்பானது, கேள்வி கேட்க ஒரு நிர்வாகமாவது இருக்கும்.

உரிமம் இல்லாமல் ஒருவர் மருத்துவராக நடந்துகொண்டால் சுகாதார அமைச்சகத்துக்கு எழுதலாம். பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் இழந்தவர்களுக்கு 1981-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. சிறிய தொகை என்றால், வக்கீல் இல்லாமலே சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் கேட்கலாம். அதற்கு ரசீதும், கொடுத்த மருந்தின் பெயரும், "குணமாக்குவேன்" என்று வந்த வாட்ஸ்அப் செய்தியும் பத்திரமாக இருக்க வேண்டும்.