ஐஸ் பெட்டிக்கும் விடுமுறை விடுங்கள்

குளிர்நாடுகளில் வேன் வீடு வைத்திருப்பவர்கள், பனிக்காலம் வருமுன் குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் குழாயில் உள்ள நீரை வடித்துவிடுவார்கள். நீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரிவடையும், குழாய் வெடித்துவிடும்.

பினாங்கில் அந்தக் கவலை இல்லை. ஆனால் தானாக ஐஸ் கட்டி போடும் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு கவலை உண்டு. 2024 ஜனவரி 10 முதல் 14 வரை, வால்வு மாற்றும் பணிக்காகப் பல இடங்களில் தண்ணீர் தடைபட்டது நினைவிருக்கும். அப்படித் தடைபட்டு மீண்டும் வரும் நீரில் முதலில் துருவும் மண்டியும் கலந்திருக்கும். ஐஸ் பெட்டியின் வடிகட்டியை அது அடைத்துவிடும். நீண்ட விடுமுறையில் குழாய் கசிந்தாலோ, அடுக்குமாடியில் கீழ்வீடும் நனையும்.

செய்ய வேண்டியது எளிது. ஐஸ் போடும் விசையை நிறுத்துங்கள். பெட்டிக்கு நீர் வரும் வால்வை மூடுங்கள். இருக்கும் ஐஸைக் கொட்டித் தட்டைத் துடையுங்கள். பெட்டியையே அணைத்தால் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள், பூஞ்சை பிடிக்காது.

தண்ணீர் வந்ததும் முதலில் சமையலறைக் குழாயைத் திறந்து, நீர் தெளியும்வரை ஓடவிடுங்கள். பிறகு வால்வைத் திறங்கள். முதல் இரண்டு மூன்று தட்டு ஐஸைக் கொட்டிவிடுங்கள்.

உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சாகாது. பிள்ளையின் சிராப் தண்ணீரில் மிதக்கும் ஐஸும் குடிநீர்தான்.