பாலைவனக் கரையில் நான்கு பயணிகள்

இன்று ஒரு விசித்திரமான இடத்துக்குப் போகப்போகிறோம்.

முதலில் ஒரு கேள்வி. கடலை ஒட்டியே பாலைவனம் இருக்க முடியுமா?

“அது எப்படி? பக்கத்திலேயே அவ்வளவு தண்ணீர் இருக்கும்போது மழை பெய்யாதா?” என்று உங்களில் யாராவது கேட்டால், சபாஷ்! அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடப்போகிறோம்.

உலக வரைபடத்தை விரியுங்கள். ஆப்பிரிக்காவின் தென்மேற்கு ஓரத்தில் விரலை வையுங்கள். அங்கே நமீபியா என்ற நாடு இருக்கிறது. அதன் கடற்கரை நெடுகிலும், 1,500 கிலோமீட்டருக்கு மேல், நமீப் பாலைவனம் நீண்டு கிடக்கிறது. உலகின் மிகப் பழைய பாலைவனங்களில் அதுவும் ஒன்று. ஒரு பக்கம் அட்லாண்டிக் பெருங்கடல், மறுபக்கம் மணல் மேடுகள். நடுவில் ஒரு சாலை.

அந்தச் சாலையில் ஓர் அண்ணனும் அண்ணியும் போகிறார்கள். தலைநகர் வின்தோக்கிலிருந்து விடுமுறைக்குக் கிளம்பியவர்கள். வண்டியின் கூரையில் இரண்டு அலைச்சறுக்குப் பலகைகள். உள்ளே கூடாரம், கம்பளி, கேன் கேனாகக் குடிநீர். பகலில் அலை மேல் சறுக்குவது, இரவில் கூடாரம் அடித்துத் தூங்குவது. இதுதான் அவர்கள் திட்டம். இந்த இருவரும் நம் கதைக்காக நான் உருவாக்கியவர்கள். ஆனால் அவர்கள் போகிற ஊர், பார்க்கிற கடல், கதையில் வரும் வண்டு எல்லாமே நிஜம்.

வழியில் அவர்கள் நான்கு பயணிகளைப் பார்க்கப்போகிறார்கள். நால்வரும் வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள். ஒருவர்கூட மனிதர் இல்லை. யார் அவர்கள்? வாருங்கள், கூடவே போவோம்.

முதல் பயணி: குளிர்ந்த நீர்

ஸ்வாகோப்முண்ட் என்ற கடற்கரை ஊருக்கு வந்ததும் அண்ணன் ஆசையாகக் கடலில் கால் வைக்கிறார். வைத்த வேகத்தில் எடுத்துவிடுகிறார். அவ்வளவு குளிர்! அந்தக் கடல் பெரும்பாலும் 12 முதல் 17 டிகிரி செல்சியஸ் வரைதான் இருக்கும். நம் சென்னைக் கடல் பெரும்பாலும் 27 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாக இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

அண்ணி சிரித்துக்கொண்டே ரப்பர் உடையை எடுத்துத் தருகிறார். அந்த ரப்பருக்குள் ஏராளமான நுண்ணிய வாயுக் குமிழ்கள் இருக்கின்றன. அவை உடம்பின் சூடு வெளியே போகாமல் தடுக்கும். அதனால்தான் அங்கே கடலில் இறங்குகிறவர்கள் அதை மாட்டிக்கொள்கிறார்கள்.

வெயில் காயும் பாலைவனத்துக்குப் பக்கத்தில் கடல் மட்டும் ஏன் குளிர்கிறது?

அந்தக் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே பெங்குவேலா என்ற குளிர் நீரோட்டம் ஓடுகிறது. காற்றும் தெற்கிலிருந்துதான் வீசுகிறது. பூமி சுழல்வதால், பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஓடும் காற்றும் நீரும் தம் இடது பக்கமாக விலகும். வடக்குப் பார்த்து நில்லுங்கள். அந்தக் கரையில் உங்கள் இடது பக்கம் என்ன இருக்கும்? நடுக்கடல்! ஆகவே மேல்மட்ட நீர் கரையை விட்டு நடுக்கடல் பக்கம் நகர்ந்துவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப, வெயிலே படாத ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே ஏறி வருகிறது.

இப்போது மழைக் கேள்விக்கு வருவோம். மழை பெய்ய வேண்டுமானால், ஈரக் காற்று உயரே போக வேண்டும். உயரே போய்க் குளிர்ந்தால்தான் பெரிய மேகம் உண்டாகும். ஆனால் இங்கே கடலைத் தொட்ட காற்று கீழேயே குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அதனால் மேலே ஏறுவதில்லை. அதற்கு மேலே சூடான வறண்ட காற்று வேறு இறங்கி வந்து நிற்கிறது. பிறகு மழை மேகம் எப்படி உண்டாகும்?

அதனால்தான் ஸ்வாகோப்முண்டில் ஓர் ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் 20 மில்லிமீட்டர் மழை கிடைப்பதே அரிது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது.

புரிந்ததா? மழையைத் தடுப்பது அந்தக் குளிர்ந்த நீர்தான். ஆனால் அதைத் திட்டிவிடாதீர்கள். ஆழத்திலிருந்து வரும்போது அது நிறைய ஊட்டச்சத்தைக் கொண்டுவருகிறது. அதைத் தின்று நுண்பாசிகள் பெருகுகின்றன. பாசியால் மீன்கள் பெருகுகின்றன. மீனுக்காகக் கடல்நாய்கள் வருகின்றன. வடக்கே உள்ள கேப் கிராஸ் முனையில் குட்டி போடும் பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடல்நாய்கள் கூடிக் கத்துவதை அண்ணனும் அண்ணியும் பார்க்கப்போகிறார்கள். நிலம் காய்ந்து கிடக்கிறது, கடலிலோ விருந்து நடக்கிறது!

இரண்டாம் பயணி: அலை

மறுநாள் காலை. காற்றே இல்லை. ஆனாலும் ஆளுயர அலைகள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. “காற்றில்லாமல் அலை எப்படி?” என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? கெட்டிக்காரப் பிள்ளைகள்!

அந்த அலைகள் அங்கே பிறக்கவில்லை. அண்டார்க்டிகாவைச் சுற்றி ஒரு பெருங்கடல் இருக்கிறது. அங்கே புயல்கள் ஓய்வதே இல்லை. அந்தப் பக்கத்துக் காற்றைத்தான் ‘கர்ஜிக்கும் நாற்பதுகள்’ என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தப் புயல்காற்று நீரை உரசி உரசி அலைகளை எழுப்புகிறது. அவை சேர்ந்து வடக்கே கிளம்புகின்றன. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் வேகம்! 3,000 கிலோமீட்டர் தள்ளி அடித்த புயலின் அலைகள் மூன்றாம் நாள் இங்கே வந்துவிடும். அதனால்தான் அலைச்சறுக்கு வீரர்கள் உள்ளூர் வானத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், தூரத்துப் புயல் செய்தியையும் கவனிக்கிறார்கள்.

ஒரு நிமிடம். அப்படியானால் அண்டார்க்டிகா பக்கத்துத் தண்ணீர்தான் இவ்வளவு தூரம் வந்துவிட்டதா? இல்லை!

பள்ளிக்கூட மணி அடித்ததும் வரிசையில் நிற்கிறீர்கள். கடைசியில் நிற்கிற குறும்பன் தனக்கு முன்னால் இருப்பவனை லேசாகத் தள்ளுகிறான். அவன் அடுத்தவன் மேல் சாய்கிறான். அடுத்தவன் அதற்கு அடுத்தவன் மேல். நொடியில் அந்தத் தள்ளல் முதல் பிள்ளைக்கு வந்துவிடுகிறது. குறும்பன் எங்கே? கடைசியிலேயேதான் நிற்கிறான். பயணம் செய்தது தள்ளல் மட்டும்தான்.

அலையும் அப்படித்தான். வருவது ஆற்றல். நீர் தன் இடத்திலேயே ஒரு வட்டம் சுற்றிவிட்டு நின்றுவிடும். நீரில் மிதக்கும் பறவையைப் பாருங்கள். அலை வரும்போது ஏறும், போனதும் இறங்கும். ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கும்.

கரைக்கு அருகில் ஆழம் குறைகிறதல்லவா? அங்கே அலையின் அடிப்பகுதி தரையை உணர்ந்து வேகம் குறைகிறது. பின்னால் வரும் அலைகள் நெருங்குகின்றன. நெருங்க நெருங்க உயரம் கூடுகிறது. கடைசியில் உச்சி, அடியை முந்திக்கொண்டு கவிழ்கிறது. ஒரு மீட்டர் உயர அலை, ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் உடையும்.

அண்ணி பலகையில் குப்புறப் படுத்துக் கையால் துடுப்புப் போடுகிறார். அலையின் வேகத்தை எட்ட வேண்டும். எட்டியதும் துள்ளி எழுந்து நிற்கிறார். இப்போது அவர் ஒரு சரிவில் கீழே சறுக்கிக்கொண்டிருக்கிறார். சறுக்கினால் அடிவாரம் வந்துவிடாதா? வராது. அலை முன்னேறிக்கொண்டே இருப்பதால் காலடியில் புதிய சரிவு எழுந்துகொண்டே இருக்கிறது. மூன்று நாள் பயணம் செய்து வந்த புயலின் ஆற்றல், கடைசிச் சில நொடிகளில் அவரைச் சுமந்து போகிறது!

மூன்றாம் பயணி: மணல்

பிறகு இருவரும் தெற்கே வால்விஸ் பே பக்கம் போகிறார்கள். மணலில் இறங்கும் முன் அண்ணன் டயரிலிருந்து கொஞ்சம் காற்றை இறக்குகிறார். ஏன்? காற்றுக் குறைந்தால் டயர் தட்டையாகி அகலமாகப் படியும். வண்டியின் எடை கூடுதல் இடத்தில் பரவும். சக்கரம் புதையாது. சாலைக்குத் திரும்பியதும் மறுபடி காற்று நிரப்பிவிட வேண்டும்.

இந்த மணல் எங்கிருந்து வந்தது தெரியுமா? அதில் பெரும்பகுதி, தெற்கே லெசோத்தோ நாட்டின் மலைகளில் பிறக்கும் ஆரஞ்சு ஆறு கொண்டுவந்தது. ஆறு அதைக் கடலில் கொட்டியது. அலைகள் அதை வடக்கே நகர்த்தின. எப்படி? அலை கரையில் சாய்வாக ஏறும். திரும்பும்போது நேராக இறங்கும். ஒவ்வொரு தடவையும் மணல் துகள் கொஞ்சம் வடக்கே தள்ளிப்போகும். பிறகு காற்று அதைக் கரையிலிருந்து அள்ளிப் பாலைவனத்துக்குள் குவித்தது. இப்படிச் சேர்ந்த நமீப் மணற்பரப்பை 2013-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

சாட்சி வேண்டுமா? 1909-இல் எடுவார்ட் போலன் என்ற ஜெர்மானியக் கப்பல் மூடுபனியில் இந்தக் கரையில் தரைதட்டியது. இன்று அது கடலிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி மணலுக்குள் கிடக்கிறது. கப்பல் நகரவில்லை. மணல் சேர்ந்து கரைதான் வளர்ந்துவிட்டது!

வால்விஸ் பே அருகே அப்படிச் சேர்ந்த மணல் ஒரு நீண்ட திட்டாக நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் ஓரத்தில் அலை ஒரே சமயத்தில் உடையாது. ஒரு முனையில் தொடங்கி, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் வரிசையாக உடைந்துகொண்டே போகும். ஸ்கெலிட்டன் பே என்ற இந்த இடம் 2008-க்குப் பிறகுதான் உலக அலைச்சறுக்கு வீரர்களிடையே பெயர் பெற்றது. செயற்கைக்கோள் படங்களில் கரையின் வடிவத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்தார்கள். படத்தைக் கூர்ந்து பார்ப்பதும் அறிவியல்தான், செல்லங்களே!

அங்கே அலை வேகம் அதிகம், ஆழமோ குறைவு. தேர்ந்தவர்களுக்கே ஆபத்தான இடம். அண்ணனும் அண்ணியும் இறங்கவில்லை. கரையில் உட்கார்ந்து ரசிக்கிறார்கள். எந்த நீரில் இறங்கக்கூடாது என்று தெரிந்துவைத்திருப்பதும் ஒரு திறமை.

நான்காம் பயணி: மூடுபனி

பிறகு வடக்கே திரும்புகிறார்கள். ‘மைல் 72’ என்ற இடத்தில் கூடாரம் அடிக்கிறார்கள். ஸ்வாகோப்முண்டிலிருந்து எத்தனை மைல் என்பதே அந்த இடத்தின் பெயர்!

காலையில் கண் விழித்தால் கூடாரத் துணி நனைந்து சொட்டுகிறது. மழையா? இல்லை. இரவில் கடலிலிருந்து மூடுபனி வந்திருக்கிறது. குளிர்ந்த கடலின் மேல் கிடந்த காற்றின் ஈரம் நுண்ணிய துளிகளாகி, நிலத்துக்குள் பல கிலோமீட்டர் நகர்ந்து வருகிறது. மழையைத் தடுத்த அதே குளிர்ந்த நீர், மூடுபனியைத் தந்துவிட்டது பாருங்கள்.

அதற்காகக் காத்திருக்கும் ஒரு கறுப்பு வண்டு நமீபில் இருக்கிறது. மூடுபனி வரும் விடியலில் அது மணல்மேட்டின் உச்சிக்கு ஏறும். காற்று வரும் திசையைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும். பனித்துளிகள் முதுகில் படிந்து, சேர்ந்து, வழிந்து நேராக வாய்க்கு வரும். ஒரே காலையில் தன் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட அது குடிக்கும் என்று 1976-இல் ஹாமில்டன், மேரி சீலி என்ற இரு அறிவியலாளர்கள் எழுதினார்கள்.

தரையில் படர்ந்திருக்கும் லைக்கன் என்ற சின்னஞ்சிறு உயிர்களும் இந்தப் பனியைக் குடித்தே வாழ்கின்றன. அவை மிக மிக மெதுவாக வளரும். ஒரு வண்டி மேலே ஏறினால் அந்தத் தடம் பல பத்தாண்டுகள் மறையாது. அதனால் இங்கே அண்ணன் சாலையை விட்டு இறங்கவே மாட்டார். இந்தப் பகுதியின் சாலையும் தாரால் போட்டதல்ல. ஜிப்சம் கலந்த சரளையில் உப்புநீர் ஊற்றி இறுக்கியது. மழை இல்லாத ஊரில் உப்புச் சாலை கரையாது! ஆனால் பனி பட்டால் வழுக்கும். அதனால் காலையில் மெதுவாக ஓட்டுகிறார்.

நம் கரைக்கும் வரும் விருந்தாளி

குளிர்ந்த நீர், அலை, மணல், மூடுபனி. நால்வரையும் பார்த்துவிட்டோம். இவர்களில் ஒருவர் நம் ஊருக்கும் வருவதுண்டு. யார்? அலைதான்!

இந்தியப் பெருங்கடலின் தென்கோடிப் புயல்களில் பிறந்த அலைகள், கேரளத்துக்கும் நம் கன்னியாகுமரிக்கும் வந்து சேரும். வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது. திடீரென்று கடல் பொங்கிக் கரைக்குள் ஏறும். மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. அந்த எச்சரிக்கை வந்த நாளில், கடல் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் நீங்கள் கரைக்குப் போகக் கூடாது. காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்.

மற்ற நாள்களில் பெரியவர்களோடு போகும்போது ஒரு சோதனை செய்யுங்கள். தண்ணீரை விட்டுத் தள்ளி உட்கார்ந்து, ஓர் அலை உடைவதிலிருந்து தொடங்கி அடுத்த பத்து அலைகள் உடைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். அதைப் பத்தால் வகுங்கள். ஐந்தாறு விநாடி வந்தால் பக்கத்துக் காற்று எழுப்பிய அலை. 12 விநாடிக்கு மேல் வந்தால் தூரத்துப் புயலிலிருந்து வந்த அலை. போகும்போதெல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தெந்த நாளில் தூரத்து விருந்தாளி வந்தார் என்று உங்கள் வகுப்புக்கே நீங்கள் சொல்லலாம்.