நிரந்தரவாசத் தகுதியைத் துறத்தல்

நிரந்தரவாசத் தகுதியைத் துறத்தல் என்பது, ஒரு நாட்டில் காலவரையறையின்றி வாழவும் வேலை செய்யவும் பெற்ற அனுமதியை, அந்நாட்டின் குடிமகன் அல்லாத ஒருவர் தாமே முன்வந்து திருப்பி ஒப்படைப்பதாகும். படிவம் சிறியது, ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கையெழுத்து குடிநுழைவு, வரி, ஓய்வுக்காலச் சேமிப்பு, வீடு, படைச்சேவை ஆகியவை பற்றிய சட்டங்களை ஒரே நேரத்தில் தொடுகிறது. பொதுவாக, துறந்தவுடன் உரிமைகள் நின்றுவிடும்; அதற்கு முன் உருவான கடமைகள் நிற்பதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் எடுக்கும் முடிவு, பெற்றோரைவிடப் பிள்ளைகளையே அதிகம் பாதிக்கக்கூடும்.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலிருந்து வேலைக்காகச் சிங்கப்பூர் செல்வோர் பலர். ஆகவே இக்கட்டுரை சிங்கப்பூர் நடைமுறையை முதன்மையாகக் கொண்டு, பிற நாடுகளின் விதிகளையும், ஊர் திரும்பியபின் இந்தியச் சட்டத்தில் நிகழும் மாற்றங்களையும் விளக்குகிறது.

நிரந்தரவாசமும் குடியுரிமையும்

நிரந்தரவாசி என்பவர் வேறொரு நாட்டின் குடிமகனாகவே இருப்பவர். சிங்கப்பூரில் நிரந்தரவாசம் பெற்ற இந்தியர் தொடர்ந்து இந்தியக் கடவுச்சீட்டையே வைத்திருப்பார். 1955ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, இந்தியர் ஒருவர் தாமாக வேறு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால் இந்தியக் குடியுரிமை நீங்கும். நிரந்தரவாசம் பெறுவதால் அது நீங்குவதில்லை. எனவே நிரந்தரவாசத்தைத் துறப்பவர் நாடற்றவராகும் நிலை இங்கு இல்லை. இந்தியக் குடியுரிமையை மீண்டும் கோரி விண்ணப்பிக்க வேண்டிய தேவையும் இல்லை.

வெளிநாட்டில் வேலை செய்யும் அனைவரும் நிரந்தரவாசிகள் அல்லர். சிங்கப்பூரில் கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் 'ஒர்க் பெர்மிட்' பெற்று வேலை செய்யும் தொழிலாளர்கள் அந்த அனுமதியைக் கொண்டு நிரந்தரவாசத்திற்கு விண்ணப்பிக்க முடியாது. 'எஸ் பாஸ்', 'எம்ப்ளாய்மெண்ட் பாஸ்' வைத்திருப்போர் விண்ணப்பிக்கலாம். நிரந்தரவாசிக்கு நீல நிற அடையாள அட்டையும், குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அடையாள அட்டையும் வழங்கப்படுகின்றன.

துறப்பும் காலாவதியும்

நிரந்தரவாசம் இரண்டு வழிகளில் முடிவுக்கு வரலாம். ஒன்று, முறைப்படி எழுதிக் கொடுத்துத் துறப்பது. மற்றொன்று, நிபந்தனைகளை நிறைவேற்றாததால் அது தானாக நீங்குவது அல்லது அரசால் நீக்கப்படுவது. நாட்டுக்கு நாடு இது வேறுபடும்.

சிங்கப்பூரில் நிரந்தரவாசி வெளிநாடு சென்று திரும்ப 'மறுநுழைவு அனுமதி' தேவை. இது பெரும்பாலும் ஐந்தாண்டுகளுக்கு வழங்கப்படும். செல்லத்தக்க மறுநுழைவு அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் இருந்து, அதைப் புதுப்பிக்கவும் தவறினால் நிரந்தரவாசத் தகுதி இழக்கப்படும்.

கனடாவில் ஐந்தாண்டுக் காலத்தில் 730 நாட்களாவது அந்நாட்டில் வசித்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் நிரந்தரவாச அட்டை காலாவதியாவதால் மட்டும் அங்கே தகுதி போய்விடாது. அதிகாரியின் முடிவோ முறையான துறப்போ வேண்டும். பிரித்தானியாவில் காலவரையற்ற தங்கும் அனுமதி பெற்றவர், பொதுவாக, தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வெளியே இருந்தால் அந்த அனுமதி இற்றுவிடும்.

'அட்டை முடிந்துவிட்டது, எனவே எல்லாம் முடிந்தது' என்று எண்ணுவது பரவலான பிழை. அட்டையின் காலமும் தகுதியின் காலமும் ஒன்றல்ல.

சிங்கப்பூரில் துறக்கும்போது

துறப்பு விண்ணப்பத்தைக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் பெறுகிறது. நீல அடையாள அட்டையையும் ஒப்படைக்க வேண்டும். அதன்பின் அவர் சிங்கப்பூரைப் பொறுத்தவரை சாதாரண வெளிநாட்டவர். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் உறவினர் வீட்டுத் திருமணத்திற்குச் செல்வதானாலும் விசா பெற வேண்டும். வேலைக்குச் செல்வதானால் புதிதாக வேலை அனுமதி வேண்டும்.

வரி: குடிமகன் அல்லாத ஊழியர் வேலையை விட்டு விலகும்போது, முதலாளி ஐஆர்21 என்னும் படிவத்தை வருமான வரித் துறைக்கு அனுப்பி, கொடுக்க வேண்டிய தொகையை நிறுத்தி வைக்க வேண்டும். வரிக் கணக்கு தீர்ந்தபிறகே மீதிப் பணம் ஊழியர் கைக்கு வரும். நாட்டை விட்டு நிரந்தரமாகச் செல்லும் நிரந்தரவாசிக்கும் இது பொருந்தும்.

மத்திய சேம நிதி: வேலை அனுமதியில் உள்ள வெளிநாட்டவருக்கு இந்த நிதி பிடிக்கப்படுவதில்லை, நிரந்தரவாசிக்குப் பிடிக்கப்படும். முதல் இரண்டு ஆண்டுகள் குறைந்த விகிதமும், மூன்றாம் ஆண்டு முதல் முழு விகிதமும் உண்டு. 55 வயது வரையிலான ஊழியருக்கு முழு விகிதம் என்பது ஊழியர் பங்கு 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17 விழுக்காடு. இருபது ஆண்டு உழைத்தவருக்கு இது பெருந்தொகையாக நிற்கும். சிங்கப்பூரையும் மேற்கு மலேசியாவையும் விட்டு நிரந்தரமாக வெளியேறுகிறார், நிரந்தரவாசத்தையும் துறந்துவிட்டார் என்ற நிலையில் இந்தச் சேமிப்பைப் பெற விண்ணப்பிக்கலாம். பலர் துறப்பு பற்றி யோசிக்கத் தொடங்குவதே இந்தப் பணத்திற்காகத்தான். ஆனால் அவசரக் கடனை அடைக்க மட்டும் தகுதியை விடுபவர், அதன்பின் அங்கு வாழவும் உழைக்கவும் இருந்த உரிமையையும் சேர்த்தே விடுகிறார்.

வீடு: வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் மறுவிற்பனை வீட்டை நிரந்தரவாசக் குடும்பங்கள் சில நிபந்தனைகளுடன் வாங்கலாம். அந்த உரிமை தகுதியைச் சார்ந்தது. தகுதி நீங்கினால் வீட்டை விற்பது குறித்துக் கழகத்தை அணுக வேண்டும். வீடு வாங்கச் சேம நிதியிலிருந்து எடுத்த தொகையை, விற்கும்போது வட்டியோடு அதே நிதிக் கணக்கில் திருப்பிச் செலுத்த வேண்டும். ஆகவே விற்ற விலை முழுவதும் உடனே கைக்கு வராது.

தேசிய சேவையும் ஆண் பிள்ளைகளும்

சிங்கப்பூரில் துறப்பின் மிகக் கடுமையான விளைவு இங்குதான் உள்ளது. படைச்சேர்ப்புச் சட்டத்தின்படி, பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற ஆண் பிள்ளைகள் பதினாறரை வயதில் தேசிய சேவைக்குப் பதிவு செய்ய வேண்டும். முழுநேரச் சேவை இரண்டு ஆண்டுகள். தமது தொழில் தகுதியால் முதலில் நிரந்தரவாசம் பெற்ற தந்தைக்கு விலக்கு உண்டு, மகனுக்கு இல்லை. தகுதி பெறும் நாளில் மகன் நான்கு வயதுக் குழந்தையாக இருப்பான். அதனால் இந்தக் கடமை அப்போது குடும்பத்தின் கண்ணில் படுவதில்லை.

13 வயது நிறைந்த பையன் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க வெளியேறும் அனுமதி பெற வேண்டும். 'தாத்தா வீட்டில் இருந்து படிக்கட்டும்' என்று ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிடும் பெற்றோர் இதை மறந்துவிடுவது உண்டு.

சேவை செய்யாமலே மகன் நிரந்தரவாசத்தைத் துறந்தால், பிற்காலத்தில் அவன் சிங்கப்பூரில் படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது அவனுக்குப் பாதகமாகக் கருதப்படும். குடும்பத்தினரின் மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிப்பதையும் அது பாதிக்கலாம். பதிவுக்கோ சேவைக்கோ ஆணை வந்தபிறகு வராமல் இருப்பது குற்றம். அதற்கு 10,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். செய்த குற்றம் பின்னர் துறப்பதால் அழிந்துவிடாது. சேவையை ஏய்த்த காலம் நீள நீளத் தண்டனையும் கூட வேண்டும் என்ற அளவுகோலைச் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் 2017இல் வகுத்தது.

அமெரிக்கப் பச்சை அட்டை

அமெரிக்காவில் நிரந்தரவாசத்தைக் கைவிட ஐ-407 என்னும் படிவம் உண்டு. அங்கு முதன்மையான சிக்கல் வரி. பச்சை அட்டை வைத்திருப்பவர் உலகின் எந்த மூலையில் ஈட்டிய வருமானத்திற்கும் அமெரிக்காவில் கணக்குக் காட்ட வேண்டும். அட்டையை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு ஊர் திரும்பினால், பொதுவாக, இந்தக் கடமை தொடரும். முறையாகத் துறந்தால்தான் முடியும்.

கடைசி 15 வரி ஆண்டுகளில் எட்டு ஆண்டுகளாவது பச்சை அட்டை வைத்திருந்தவர் 'நீண்டகால வாசி' ஆகிறார். அவர் துறக்கும்போது 8854 படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். நிகரச் சொத்து 20 லட்சம் டாலரை எட்டினாலோ, கடந்த ஐந்தாண்டு சராசரி வருமான வரி குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினாலோ, ஐந்தாண்டு வரிக் கடமைகளை முறையாக நிறைவேற்றியதாக உறுதி கூற முடியாவிட்டாலோ வெளியேற்ற வரி விதிகள் பாயும். அப்போது துறப்புக்கு முந்தைய நாளில் சொத்துகள் அனைத்தையும் விற்றதாகவே கொண்டு ஆதாயம் கணக்கிடப்படும். பெரும் சொத்து இல்லாதவரும் மூன்றாவது நிபந்தனையில் சிக்கலாம் என்பது கவனிக்கத்தக்கது. சிங்கப்பூரில் இத்தகைய வெளியேற்ற வரி இல்லை.

இந்தியா திரும்பியபின்

வெளிநாட்டுத் தகுதியைத் துறக்கும் நாளும், இந்தியச் சட்டத்தில் ஒருவர் 'உள்நாட்டு வாசி' ஆகும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இந்தியாவிலும் இரு சட்டங்கள் இதை இரு விதமாக அளக்கின்றன.

1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் நோக்கத்தையும் பார்க்கிறது. வேலைக்காகவோ தொழிலுக்காகவோ நிலையாகத் தங்கவோ திரும்பியவர், தமது என்.ஆர்.இ. வங்கிக் கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். அல்லது வெளிநாட்டு நாணயமாக வைத்திருக்க உதவும் ஆர்.எஃப்.சி. கணக்குக்கு மாற்ற வேண்டும். என்.ஆர்.இ. வட்டிக்கு இருந்த வரிவிலக்கும் அத்துடன் முடியும். வெளிநாட்டில் வாழ்ந்த காலத்தில் அங்கே சேர்த்த பணம், பங்கு, வீடு ஆகியவற்றைத் தொடர்ந்து வைத்திருக்க அச்சட்டத்தின் 6(4) பிரிவு இடம் தருகிறது.

வருமான வரிச் சட்டம் நாட்களை எண்ணுகிறது. ஒரு நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் அவர் உள்நாட்டு வாசி. வேறு சில அளவைகளும் உண்டு. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் வெளிநாட்டு வாசியாக இருந்தவர், திரும்பிய தொடக்க ஆண்டுகளில் 'சாதாரணமாக வசிக்காத உள்நாட்டு வாசி' என்ற இடைநிலையைப் பெறுவார். அந்தக் காலத்தில் வெளிநாட்டிலேயே ஈட்டி அங்கேயே பெற்ற வருமானத்திற்குப் பொதுவாக இந்தியாவில் வரி இல்லை. அது முடிந்தபின் வெளிநாட்டுச் சொத்துகளையும் வருமானத்தையும் வரிப் படிவத்தில் காட்ட வேண்டும்.

கிராமத்துக்குத் திரும்புவோருக்கு இன்னொரு மாற்றம் முக்கியமானது. வெளிநாட்டில் வாழும் இந்தியர் விவசாய நிலம் வாங்க அனுமதி இல்லை. மரபுரிமையாக வந்ததை வைத்திருக்கலாம். ஊர் திரும்பி உள்நாட்டு வாசி ஆனபின் இந்தத் தடை நீங்கும். வாக்குரிமை எப்போதும் இழக்கப்படுவதில்லை. வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்திருந்தவர் ஊர் திரும்பியபின் பொது வாக்காளராகப் பதிந்துகொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஆலத்தியூரைச் சேர்ந்த ஒரு பொறியாளர் என்று வைத்துக்கொள்வோம். ஊரிலுள்ள சிமெண்ட் ஆலையில் சில ஆண்டுகள் வேலை பார்த்த அனுபவத்தோடு சிங்கப்பூர் சென்றார். நிரந்தரவாசம் பெற்றார், மனைவியும் மகனும் அவர் வழியாக அதே தகுதி பெற்றனர். இப்போது மகனுக்கு 14 வயது. ஊரில் அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை. குடும்பத்தோடு திரும்பிவிடலாம் என்று நினைக்கிறார்.

அவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது சேம நிதி பற்றியல்ல, மகனைப் பற்றி. மகன் தகுதியைத் துறந்தால், நாளை அவனே சிங்கப்பூரில் வேலை தேடும்போது அந்தக் கதவு மூடியிருக்கலாம். துறக்காமல் ஊர்ப் பள்ளியில் சேர்ந்தால் வெளியேறும் அனுமதியும், பின்னர் தேசிய சேவையும் காத்திருக்கின்றன. இரண்டுமே சட்டப்படி இயலும் வழிகள். எதுவும் செய்யாமல் விடுவதுதான் ஆபத்தான வழி.

அது தீர்ந்தபின் மற்றவை வரிசைப்படி அமையும்: முதலாளிக்கு முன்கூட்டியே தெரிவித்து வரிக் கணக்கை முடித்தல், வீட்டை விற்றல், நிரந்தரவாசத்தைத் துறத்தல், சேம நிதிக்கு விண்ணப்பித்தல், இந்திய வங்கிக் கணக்குகளின் வகையை மாற்றுதல். வரிசை மாறினால் பணம் மாதக்கணக்கில் முடங்கலாம்.

மீண்டும் பெற முடியுமா?

துறந்தபின் மனம் மாறினால், பழைய தகுதி உயிர்பெறுவதில்லை. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் புதிய விண்ணப்பதாரராகவே தொடங்க வேண்டும்; முன்பு வாழ்ந்த ஆண்டுகள் உரிமையாக எண்ணப்படுவதில்லை. விதிகளும் விகிதங்களும் அவ்வப்போது திருத்தப்படுவதால், கையெழுத்திடும் முன் அந்தந்த நாட்டு அரசின் நடப்பு விதிகளைச் சரிபார்க்க வேண்டும். அப்போது துறப்பவரின் பெயரில் மட்டுமல்லாமல், அவர் வழியாகத் தகுதி பெற்ற ஒவ்வொருவரின் பெயரிலும் என்னென்ன கடமைகள் மீதமிருக்கும் என்று தனித்தனியே கேட்டறிய வேண்டும்.